மேஸ்திரி பதில்கள்: கால்வாய்க் கரையில் மூன்று சென்ட்

கேரளத்துப் பாலக்காட்டில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறை வட்டாரத்தில் 41 ஆண்டுகள் கொத்து வேலை பார்த்தவர் இந்த மேஸ்திரி. இப்போது முழங்கால் வலியோடு திண்ணையில் உட்கார்ந்து, வீடு பற்றிய வாசகர் கேள்விகளுக்குப் பதில் எழுதுகிறார். இந்த இதழுக்கு வந்தவற்றில் சில.

கால்வாய்க் கரைப் புறம்போக்கில் மூன்று சென்ட் இடத்தில் தகரக் கொட்டகை போட்டு 14 வருடமாகக் குடியிருக்கிறோம். கணவருக்கு இரும்பு ஆலையில் வேலை. பஞ்சாயத்தில் யு.ஏ. எண் கொடுத்திருக்கிறார்கள். சீட்டு எடுத்த பணம் 2 லட்சம் கையில் இருக்கிறது. கான்கிரீட் போட்டுவிடலாமா?
— ஒரு வாசகி, கஞ்சிக்கோடு

போடாதீர்கள், அம்மணி. பணம் கையில் இருக்கும்போது இப்படிச் சொன்னால் கசக்கும். சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது.

யு.ஏ. எண் என்பது அனுமதி இல்லாமல் கட்டிய கட்டடத்துக்குக் கொடுக்கிற எண். அதை வைத்து வரி வாங்குவார்கள், அதுவும் கூடுதலாக. இத்தனை வருடம் இங்கே குடியிருந்தீர்கள் என்பதற்கு அந்த ரசீது சாட்சி சொல்லும். மண் உங்களுடையது என்று சொல்லாது. எல்லைக்கு அந்தப்புறம் தமிழ்நாட்டில் பி மெமோ என்று ஒன்று உண்டு, கேள்விப்பட்டிருப்பீர்கள். 1905ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி, புறம்போக்கில் இருப்பவருக்கு அபராதம் விதித்துக் கொடுக்கிற காகிதம் அது. அதைத் தகரப் பெட்டிக்குள் சாமி படத்துக்கு அடியில் பத்திரப்படுத்தி வைத்திருக்கிற குடும்பங்களை வேலந்தாவளத்துக்கு அப்பால் நான் பார்த்திருக்கிறேன். காலி செய் என்று வந்த காகிதத்தைத்தான் இருந்தோம் என்பதற்கு ஆதாரமாக வைத்திருக்கிறார்கள்! நானும் அதையே சொல்வேன்: ஒரு துண்டுக் காகிதத்தையும் தொலைக்காதீர்கள்.

என் அப்பா ஒரு தென்னந்தோப்பின் மூலையில் குடிகிடப்பாக, அதாவது அடுத்தவர் நிலத்தில் குடிசை போட்டு, இருந்தவர். மண் சுவர், பனையோலைக் கூரை. வருடம் தவறாமல் மாசியில் ஓலையை மாற்றுவார். சுவரைத் தொடவே மாட்டார். கரையான் அரித்து, கை விட்டால் வெளியே வருகிற அளவுக்கு ஓட்டை விழுந்தபோதும் சாணியால் அடைத்தாரே தவிர ஒரு செங்கல் வைக்கவில்லை. அம்மா சண்டை போடுவாள். “நாளைக்கே இறங்கு என்று சொன்னால் சுவரையா தலையில் தூக்கிக்கொண்டு போவது?” என்பார். அவரைச் சோம்பேறி என்றுதான் நான் நினைத்தேன்.

1970 ஜனவரி 1 முதல் கேரளத்தில் நிலச் சீர்திருத்தச் சட்டத் திருத்தம் நடைமுறைக்கு வந்தது. பிறர் நிலத்தில் குடிசை போட்டிருந்தவர்கள், சந்தை விலையில் ஒரு சிறு பங்கைக் கட்டி அந்தக் குடிசை மண்ணை வாங்கிக்கொள்ளலாம் என்றது. பஞ்சாயத்தில் 10 சென்ட், நகராட்சியில் 5, பெரிய நகரத்தில் 3. எங்கள் பட்டயம், அதாவது நில உரிமைப் பத்திரம், கைக்கு வந்தது 1974இல். அந்த வாரமே அப்பா 500 செங்கல்லுக்கு முன்பணம் கொடுத்தார். அந்த வருடமே முன்பக்கச் சுவர் எழுந்தது. ஓடு 1979இல் ஏறியது. தரைக்குச் சிமெண்ட் 1983இல். கழிவறை 1991இல்தான், அதுவும் என் மனைவி பிடிவாதம் பிடித்ததால். வீடு முடிய 17 வருடம் ஆயிற்று. கடன் ஒரு ரூபாய் இல்லை. ‘சோம்பேறி’ அப்பா எதற்காகக் காத்திருந்தார் என்பது எனக்கு 500 செங்கல் வந்து இறங்கிய அன்றுதான் புரிந்தது.

ஆகவே முதல் செலவு மண்ணுக்கு. கால்வாய்க் கரை நீர் போகிற வழி என்பதால் அங்கே பட்டயம் கிடைப்பது கடினம். கேரள அரசின் லைஃப் வீட்டுத் திட்டத்தில் நிலமும் வீடும் இல்லாதவர்களுக்குத் தனிப் பட்டியல் இருக்கிறது. அதில் பெயர் இருக்கிறதா என்று பஞ்சாயத்தில் கேளுங்கள். இல்லை என்றால் எழுதிக் கொடுத்து ரசீது வாங்குங்கள். மீதிப் பணத்தைப் பெயர்த்துக்கொண்டு போகக்கூடிய பொருளில் போடுங்கள்: நல்ல கதவு நிலை, போல்ட் போட்ட இரும்புச் சட்டம், நல்ல தகடு. கான்கிரீட்டைப் பெயர்க்க முடியாது, உடைக்கத்தான் முடியும்.

கூரையையும் இந்த மழைக்கு முன்பே பாருங்கள். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது மற்ற ஊர்களுக்குப் பழமொழி. மலைத்தொடரில் 30 கிலோமீட்டருக்குக் குறையாத வாசல் திறந்து கிடக்கிற பாலக்காட்டுக் கணவாயில் அது செய்தி. தகரத்தின் மேல் கல் வைக்காதீர்கள். தகரம் பறக்கும்போது கல்லும் கூடவே பறக்கும், யார் தலையில் என்று பார்க்காது. சுவருக்கு வெளியே தகரம் ஒன்றரை அடிக்கு மேல் நீளக் கூடாது. ஓர வரிசையில் தகர மடிப்பின் ஒரு மேட்டையும் விடாமல் எல்லாவற்றிலும் ஜே போல்ட் (J போல வளைந்த போல்ட்) முடுக்குங்கள். சட்டத்தைக் கம்பியால் சுவருக்குள் இறக்கிக் கட்டுங்கள். காற்று கூரையை மேலிருந்து அழுத்துவதில்லை, அடியில் புகுந்து தூக்குகிறது.

ஒரே இரவில் சுவர் எழுப்பி, விடிவதற்குள் கூரை போட்டு அடுப்பு மூட்டிவிட்டால் இடிக்க முடியாது என்கிறார்கள். உண்மையா?
— ஒரு வாசகர், வேலந்தாவளம்

உண்மை இல்லை. இந்தப் பேச்சு உலகம் முழுக்க இருக்கிறது என்று என் மகள் சொல்கிறாள். அவள் திருவனந்தபுரத்தில் கட்டடக்கலை படித்தவள். நான் எதையாவது அடித்துச் சொன்னால் புத்தகத்தோடு வந்து நிற்பாள். துருக்கியில் இப்படிப்பட்ட வீட்டுக்குப் பெயரே ‘கெசெகொண்டு’, இரவில் வந்து உட்கார்ந்தது என்று பொருளாம். அங்கேயும் மக்கள் இதையே நம்பியிருக்கிறார்கள். 1966இல் அந்தப் பெயரை வைத்தே அரசாங்கம் ஒரு சட்டம் போடுகிற அளவுக்கு அவை பெருகின.

நம் நாட்டில் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது 1985இல் பம்பாய் நடைபாதைவாசிகள் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை. வாழும் உரிமைக்குள் பிழைப்பும் அடக்கம், ஆகவே முன்னறிவிப்பு கொடுத்து அவர்கள் சொல்வதைக் கேட்காமல் விரட்டக் கூடாது என்றது. அங்கேயே நிரந்தரமாக இருந்துகொள் என்று சொல்லவில்லை. தீர்ப்பின் முதல் பாதியை மட்டும் சொல்லிப் பணம் வாங்குகிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். ஒரே இரவில் எழுப்பிய சுவரின் தரத்தைப் பற்றி நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

வாசல் எந்தத் திசையில் வைப்பது உத்தமம்?
— ஒரு வாசகர், சித்தூர் (பாலக்காடு)

காற்று மழைக்காலத்தில் மேற்கிலிருந்து அடிக்கும், தை மாசியில் கிழக்கிலிருந்து வறண்டு அடிக்கும். இரண்டையும் ஒரு வாரம் வாசலில் நின்று பார்த்துவிட்டு நீங்களே எனக்கு எழுதுங்கள்.

நகரங்களில் குடிசைப் பகுதிகளை அடியோடு ஒழிக்க என்ன வழி? கல்லூரிப் பேச்சுப் போட்டிக்காகக் கேட்கிறேன்.
— ஒரு மாணவர், கோயம்புத்தூர்

தம்பி, அந்த ‘ஒழிக்க’ என்ற சொல்லை முதலில் கீழே வையுங்கள். 1970இல் சென்னையில் ஒரு வாரியம் தொடங்கினார்கள். ஆங்கிலப் பெயரில் குடிசைகளை அப்புறப்படுத்துவது என்ற பொருள் இருந்தது. தமிழில் ‘குடிசை மாற்று வாரியம்’ என்று வைத்தார்கள். மாற்று! பெயர் வைத்தவர் யாரோ, நல்ல காது உள்ளவர். 2021இல் அதை ‘நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்’ என்று மாற்றியிருக்கிறார்கள். போட்டியில் இந்தப் புதுப் பெயரைச் சொன்னால் மதிப்பெண் கிடைக்கும்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியக் குடிசைப் பகுதிகளில் வாழ்ந்தவர்கள் சுமார் 6.5 கோடி. இத்தனை பேருக்கும் வீடு கட்டிக்கொடுக்கச் சிமெண்ட் போதும், மணல் போதாது, இடம் போதவே போதாது என்று வாதாடுவார்கள். நான் வேறு ஒன்று கேட்கிறேன். அந்த 6.5 கோடிப் பேர் இப்போது எதில் இருக்கிறார்கள்? அவர்களே கட்டியதில். இவ்வளவு பேருக்கு வீடு கட்டிய ஒப்பந்தக்காரர் வேறு யாரும் நாட்டில் இல்லை.

ஜான் டர்னர் என்ற ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் 1957 முதல் 1965 வரை பெரு நாட்டில் வேலை செய்தார். அங்கே ஏழைகள் வெற்று மண்ணில் பாயைத் தடுப்பாகக் கட்டிக் குடியேறுவார்கள். பிறகு செங்கல் சுவர், பிறகு கூரை, பிறகு மாடி. ஒரே நாளில் பார்த்தால் சேரி. பத்து வருடம் கழித்துப் பார்த்தால் தெரு. அவரிடம் இருந்த ஒரே திறமை பத்து வருடம் பார்த்ததுதான் என்று நான் சொன்னால் மகள் கோபப்படுகிறாள். லிமா நகரத்தின் ஓரத்தில் வில்லா எல் சல்வதோர் என்ற ஊர் 1971இல் மணற்காட்டில் இப்படிப் பாய்த் தடுப்புகளோடுதான் தொடங்கியது. 1983இல் அது தனி மாவட்டம்.

அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். 1970களின் கடைசியில் உலக வங்கிக் கடனில் சென்னை அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் பகுதிகளில் மனை பிரித்துக் கொடுத்தார்கள். வீடு கட்டிக்கொடுக்கவில்லை. சாலை, குடிநீர், சாக்கடை, சின்ன மனை. மலிவான மனைகளில் கழிவறை மட்டும். என் அக்கா குடும்பம் அப்படி ஒரு மனையில் இருந்தது. 1982இல் நான் போனபோது கழிவறைச் சுவரில் சாய்த்துக் கட்டிய ஓலைச் சாய்ப்பில் சமையல் நடந்தது. 1994இல் போனபோது தரைத்தளத்தில் தையல் கடை, மேலே இரண்டு மாடி. தெருவை அடையாளம் தெரியாமல் இரண்டு முறை கடந்து போய்விட்டேன்.

இதற்கு எதிர்ப்பக்கம் கண்ணகி நகர். 2000ஆம் ஆண்டு வாக்கில் நகரின் நடுவில் ஆற்றங்கரையிலும் சாலையோரத்திலும் இருந்தவர்களை ஏற்றிக்கொண்டுபோய், 20 கிலோமீட்டருக்கு அப்பால் அடுக்குமாடியில் இறக்கினார்கள். சுவர் கெட்டி, கூரை கெட்டி. வீட்டு வேலைக்குப் போகிற பெண்ணுக்கு இரண்டு பஸ். பெண் பிள்ளைகள் படிப்பை நிறுத்தினார்கள். அந்தச் சுவரை ஓர் அடி தள்ளிக் கட்ட முடியாது, மாடி எடுக்க முடியாது, வாசலில் ஆடு கட்ட முடியாது. என்னைப் போன்ற மேஸ்திரிக்கு அங்கே வேலையே இல்லை. அதனால்தான் எனக்குப் பிடிக்கவில்லையோ என்னவோ. பேச்சுப் போட்டியில் பரிசு வந்தால் தெரிவியுங்கள்.

பொள்ளாச்சிக்காரன் நான். எல்லை தாண்டி மீனாட்சிபுரம் பக்கம் 4 சென்ட் மலிவாக வருகிறது. ஆதாரத்தில் (கிரயப் பத்திரத்தில்) ‘நிலம்’ என்று தெளிவாக எழுதியிருக்கிறது. வாங்கலாமா?
— ஒரு வாசகர்

ஐயா, நில்லுங்கள். ‘தெளிவாக எழுதியிருக்கிறது’ என்று நீங்கள் நிம்மதியாக எழுதியதைப் படித்ததும் எனக்குப் பகீர் என்றது. தமிழில் நிலம் என்றால் எல்லா நிலமும். கேரளத்து ஆவணத்தில் ‘நிலம்’ என்றால் நெல்வயல். வீடு கட்டக்கூடிய மேட்டு நிலத்துக்கு ‘புரயிடம்’ என்று எழுதியிருக்கும். ஒரே சொல்தான், வாளையார் தாண்டினால் பொருள் மாறிவிடுகிறது. தரகர்களுக்கு இது தெரியும். மலிவுக்குக் காரணமும் அதுதான்.

2008ஆம் ஆண்டின் நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டப்படி வயலை மண் கொட்டி மேடாக்கி வீடு கட்ட முடியாது. வேறு இடமே இல்லாத வயல்காரர் தான் குடியிருக்க, பஞ்சாயத்தில் 10 சென்ட் வரை கேட்கச் சட்டத்தில் ஒரு வழி இருக்கிறது. அது அவருக்கு. மலிவாகக் கிடைக்கிறது என்று இன்று வாங்குகிற உங்களுக்கு அல்ல. முதலில் வில்லேஜ் ஆபீசில் கரம் (நில வரி) கட்டிய ரசீதைப் பாருங்கள். பிறகு கிருஷி பவன் என்கிற வேளாண் அலுவலகத்தில் போய், அந்தச் சர்வே எண் தரவு வங்கி என்கிற வயல் பட்டியலில் வயலாக இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் பஸ் ஏறி வீட்டுக்குப் போய்விடுங்கள். கவுண்டம்பாளையத்துக்காரர் ஒருவர் இப்படி வாங்கி, அஸ்திவாரக் குழி தோண்ட என்னைக் கூப்பிட்டார். குழியில் தண்ணீர் ஊறியது, தவளை கத்தியது. இது வயல் என்று சொல்ல ஆவணமா வேண்டும்? ஆனாலும் அன்றைய கூலியை வாங்கிக்கொண்டேன்.

எங்கள் காலனியில் 26 வீடுகள். சாக்கடை நீர் சந்தில் தேங்குகிறது. மனு கொடுத்து நான்கு வருடம் ஆயிற்று. நாங்களே குழாய் போடலாமா?
— ஒரு வாசகி

போடலாம், தங்கச்சி. போட்டவர்கள் இருக்கிறார்கள். கராச்சியில் ஒராங்கி என்ற பெரிய குடியிருப்பு உண்டு. 1980இல் அக்தர் ஹமீது கான் என்ற பெரியவர் அங்கே ஒரு வேலையைத் தொடங்கினார். ஒரு சந்து, அதில் 20, 30 வீடு. அந்தச் சந்துக்காரர்கள் தங்களுக்குள் ஒருவரை மேலாளராக வைத்து, பணம் பிரித்து, வீட்டுக் கழிவறையும் சந்துக் குழாயும் தாங்களே போட்டார்கள். அளவு எடுப்பதும் வரைபடம் போடுவதும் அவருடைய ஆட்கள். சந்து முடிகிற இடத்தில் ஓடும் பெரிய கால்வாயும் அதற்கு அப்பால் உள்ளதும் அரசாங்கத்தின் பொறுப்பு. அந்தக் கணக்கைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்: எது நம் வேலை, எது அவர்கள் வேலை என்று கோடு போட்டது. அந்த நகரத்துக் கால்வாய்களையெல்லாம் வரைபடத்தில் கொண்டுவந்த பர்வீன் ரஹ்மான் என்ற பெண்ணை 2013இல் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். அவரும் கட்டடக்கலை படித்தவர். அந்தச் செய்தியை என் மகள் எனக்குப் படித்துக்காட்டினாள்.

உங்கள் சந்துக்கு வருவோம். நான்கு அங்குலக் குழாய்க்குப் பத்து அடிக்கு இரண்டு அங்குலம் வாட்டம் (சரிவு) வேண்டும். கண்ணால் பார்த்து வாட்டம் வைக்கிறேன் என்று சொல்லும் கொத்தனாரை நம்பாதீர்கள், நானே அப்படிச் சொல்லி ஏமாந்திருக்கிறேன். உள்ளே தெரிகிற பத்து மீட்டர் பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் நிரப்பி மட்டம் பாருங்கள், தண்ணீர் பொய் சொல்லாது. 26 வீடும் சேருகிற கடைசிப் பகுதிக்கு ஆறு அங்குலக் குழாய் போடுங்கள். திருப்பம் வருகிற ஒவ்வொரு இடத்திலும் திறந்து பார்க்க ஒரு தொட்டி. மழைநீரை இதில் விடவே கூடாது, மணல் வந்து அடைத்துவிடும். பள்ளத்தில் இருக்கிற கடைசி வீட்டிலிருந்து வேலையைத் தொடங்குங்கள். மேட்டு வீட்டிலிருந்து தொடங்கினால் பாதியில் பணம் தீரும், நாற்றம் முழுக்கக் கடைசி வீட்டுக்காரர் வாசலில் நிற்கும். கடைசியில் எங்கே விடுவது என்பதை மட்டும் பஞ்சாயத்திடம் எழுத்தில் வாங்குங்கள். வாய்க்காலில் விடாதீர்கள். அது பத்து வயல் தாண்டி யாரோ பாத்திரம் கழுவுகிற தண்ணீர்.

அம்மா பெயரில் ஒன்றரை சென்ட் மனைப் பட்டா கிடைத்திருக்கிறது. இரண்டு விசைத்தறி ஓட்டிச் சேர்த்த பணத்தில் ஓர் அறைதான் வரும். கடன் வாங்கி முழுதாகக் கட்டவா?
— ஒரு வாசகர், நகரி

கடன் வேண்டாம். ஒன்றரை சென்ட் என்றால் 650 சதுர அடிக்குக் கொஞ்சம் அதிகம். ஓர் அறை கட்டுங்கள், ஆனால் இரண்டு மாடிக்கான வீட்டின் ஓர் அறையாகக் கட்டுங்கள். அஸ்திவாரத்தில் மிச்சம் பிடிக்காதீர்கள். பூச்சு, டைல்ஸ், முகப்புத் தூண் எல்லாம் பிறகு வரும். அஸ்திவாரத்தைப் பிறகு சரிசெய்ய முடியாது. கழிவறையையும் படிக்கட்டு வரப்போகிற இடத்தையும் இப்போதே முடிவு செய்யுங்கள். தறி வைக்கிற இடமும் சேர்த்துத்தான் வீடு; அதிர்வுக்குத் தரையைத் தனியாகப் போடுங்கள்.

இந்தூரில் அரண்யா என்ற குடியிருப்பைக் கட்டடக் கலைஞர் பி.வி. தோஷி 1980களில் இப்படித்தான் வடிவமைத்தார். ஏழை மனைகளுக்கு மேடை, கழிவறை, சமையலுக்கு ஒரு மூலை. மீதியைக் குடும்பம் தன் வசதிக்குக் கட்டிக்கொள்ளும். சிலி நாட்டில் இக்கிகே நகரத்தில் அலெஹான்ட்ரோ அரவேனா என்ற கட்டடக் கலைஞர் 2004இல் பாதி வீடு கட்டிக்கொடுத்தார். முப்பது வருடமாக ஊர் நடுவில் அனுமதி இல்லாமல் இருந்த சுமார் நூறு குடும்பங்களுக்கு, அதே இடத்தில். குடும்பம் தானாகக் கட்ட முடியாத பாதியை அவர் கட்டினார்: சமையலறை, குளியலறை, படி, நடுச்சுவர். மீதிப் பாதி வெற்றிடம். இருவருக்கும் பிற்பாடு பெரிய பரிசு கிடைத்தது. என் அப்பாவுக்கு யாரும் தரவில்லை.

மேலே விடுகிற தூண் கம்பிகளை வானத்தைப் பார்த்து அப்படியே விடாதீர்கள். பத்து வருடத்தில் துரு தின்று, விரல் தடிமன் கம்பி குச்சி ஆகிவிடும். சிமெண்ட் பால் பூசி, மெலிந்த கலவையால் மூடி வையுங்கள். மாடி எடுக்கும்போது தட்டினால் உதிர்ந்துவிடும். சுவருக்குச் செங்கல்லைப் பக்கவாட்டில் நிறுத்தி, நடுவில் இடைவெளி விட்டுக் கட்டுகிற எலிப்பொறிக் கட்டு தெரிந்த கொத்தனார் கிடைத்தால் விடாதீர்கள். லாரி பேக்கர் என்ற கட்டடக் கலைஞர் கேரளம் முழுக்கப் பரப்பிய முறை. செங்கல்லில் கால் பங்கு மிச்சம், வீடும் குளிர்ச்சி. தெரியாத கொத்தனார் தெரியும் என்று சொன்னால் ஒரு முழம் கட்டிக்காட்டச் சொல்லுங்கள்.

ஊருக்கெல்லாம் சொல்கிறீர்களே, உங்கள் வீட்டில் குறையே இல்லையா?
— பெயர் வேண்டாம் என்ற வாசகி

பெயர் வேண்டாம் என்றாலும் கையெழுத்து என் மனைவியின் தங்கை கையெழுத்து மாதிரி இருக்கிறது. குறை இருக்கிறது. 1996இல் மாடி எடுத்தபோது இடம் மிச்சம் பிடிக்க, படிகளை ஒவ்வொன்றும் ஒன்பது அங்குல உயரத்துக்கு வைத்தேன். அப்போது எனக்கு 39 வயது, இரண்டு இரண்டு படியாக ஏறுவேன். இப்போது மாடிக்குப் போய் ஏழு மாதம் ஆகிறது. பேரன் மேலிருந்து கூப்பிடுகிறான், நான் கீழிருந்து கத்துகிறேன். கைப்பிடிக்குக் கொல்லரிடம் அளவு கொடுத்திருக்கிறேன். அவர் இன்னும் வரவில்லை.